நோயில்லாத பிள்ளையிடம் இரத்தம் எடுப்பது ஏன்?



மருத்துவ ஊழியத்தைத் தாங்கிவரும் சபைகளுக்கு நாங்கள் செல்லும்போது, ஆராதனை முடிந்து காப்பி குடிக்கும் வேளையில், மூத்த அங்கத்தினர் சிலர் தயக்கத்தோடு ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஐயா, நோயாளிக்கு மருந்து வாங்குங்கள், கட்டில் வாங்குங்கள், அதெல்லாம் புரிகிறது. நல்ல சுகத்தோடு விளையாடுகிற பிள்ளையின் கையில் ஊசி குத்தி இரத்தம் எடுத்து, அதில் எதையோ அளந்து எழுதி வைக்கிறார்களாமே! அதனால் யாருக்கு என்ன பிரயோஜனம்?"

நியாயமான கேள்வி. பிள்ளை பெற்ற எவருக்கும் வரக்கூடிய கேள்வி. மேலோட்டமாக "ஆராய்ச்சிதான்" என்று சொல்லிக் கடந்து போவது கேட்டவரை மதிப்பதாகாது. ஆகவே இந்த இதழின் பாடத்தை அதற்கே ஒதுக்குகிறோம். நாங்கள் போதகர்கள், ஆய்வுக்கூடத்தில் பயின்றவர்கள் அல்ல. ஆயினும் வார்டுகளில் பல ஆண்டுகள் நடந்ததாலும், விவரம் அறிந்தவர்கள் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்ததாலும், ஒரு நோயைக் குறித்தாவது முறையாகச் சொல்ல முடியும். அது ரோட்டா வைரஸ் என்னும் கிருமியால் வரும் குழந்தைகளின் வயிற்றுப்போக்கு.

சக்கரக் கிருமி

முன்னாட்களில் குழந்தைக்கு வாந்தியும் பேதியும் கண்டால் பல் முளைக்கிறது என்பார்கள், தோஷம் என்பார்கள், தாய் எதையோ தின்றதால் பால் கெட்டுவிட்டது என்று தாயையே குற்றம் சொல்வார்கள். மருத்துவர்களுக்கும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளில் காரணம் தெரியாமலே இருந்தது. 1973-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற அம்மையாரும் அவரோடு உழைத்தவர்களும், பேதியால் வருந்திய குழந்தைகளின் சிறுகுடலிலிருந்து எடுத்த மிகச் சிறிய சதைத் துணுக்கை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது, வட்டவட்டமான வைரஸ்கள் நிறைந்திருக்கக் கண்டார்கள். மறு ஆண்டில் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் ஃப்ளூவெட், சக்கரம் போல் தோன்றுகிற இதற்கு ரோட்டா என்று பெயரிடலாம் என்றார். லத்தீன் மொழியில் ரோட்டா என்றால் சக்கரம்.

இது சிறுகுடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் நுனிப்பகுதியைக் கெடுக்கிறது. முதலில் வாந்தியும் காய்ச்சலும் வரும். பிறகு தண்ணீராகவே போகும். குழந்தையின் உச்சிக்குழி பள்ளமாகும், நாக்கு வறளும், அழுதால் கண்ணீர் வராது. வீட்டைக் கழுவி மெழுகி வைத்திருப்பவர்களின் பிள்ளைக்கும் வரும், குடிசையில் இருப்பவர்களின் பிள்ளைக்கும் வரும். ஐந்து வயதுக்குள் உலகத்தில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளையும் ஒருமுறையாவது தொட்டுவிடும் கிருமி இது. ஆனால் மரணம் மட்டும் ஏழையின் வீட்டைத்தான் அதிகம் தேடிப்போகிறது. 2013-ஆம் ஆண்டில் உலகமெங்கும் சுமார் 2,15,000 குழந்தைகள் இதனால் இறந்ததாகக் கணக்கிட்டார்கள். அவர்களில் ஏறக்குறைய 47,000 பேர் இந்தியாவின் பிள்ளைகள்.

குணமாகி வீட்டுக்குப் போகும் நாளில் தாய்மார் கேட்பது ஒரே கேள்விதான்: "ஒரு தடவை வந்துவிட்டதே, இனிமேல் வராதில்லையா?"

மணல்வாரி அம்மை ஒருமுறை கண்டால் மறுபடி காண்பதில்லை என்று நம் பாட்டிமார் அறிந்திருந்தார்கள், அது சரியும்கூட. ரோட்டா வைரஸ் அப்படியா, இல்லையா? இதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் நோயுற்ற பிள்ளைகளை மட்டும் பார்த்தால் போதாது. எந்தெந்தப் பிள்ளையை இந்தக் கிருமி எத்தனை முறை தொட்டது, தொட்டும் எத்தனை முறை நோய் வெளியில் தெரியாமலே போயிற்று என்று அறிய வேண்டும். அதை அறிந்திருப்பது பிள்ளையின் இரத்தம்.

பணியாரக் கல்லில் ஒரு சோதனை

கிருமி உடம்பில் புகுந்தால், அதைப் பிடித்து முடக்குவதற்கென்று உடம்பு எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. எதிர்ப்பொருள் கிருமி முழுவதையும் ஒட்டுமொத்தமாகப் பிடிப்பதில்லை. அதிலுள்ள புரதங்களில் ஏதேனும் ஒன்றை அடையாளம் கண்டு அதைத்தான் பற்றிக்கொள்கிறது.

ரோட்டா வைரஸைப் பலாப்பழத்துக்கு ஒப்பிடலாம். மேல்தோல் வி.பி.7 என்ற புரதம். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் முட்கள் வி.பி.4. இவ்விரண்டையும் பற்றும் எதிர்ப்பொருள்கள் கிருமி குடலின் செல்லுக்குள் நுழைவதையே தடுக்க வல்லவை. தோலுக்கு உள்ளே அடுத்த அடுக்கு வி.பி.6. கிருமியில் அளவில் மிகுந்த புரதம் இதுவே; ஆகையால் நோய் கண்ட குழந்தையின் இரத்தத்தில் அதிகமாகக் காணப்படுவது இதற்கெதிரான எதிர்ப்பொருள்தான். இதில் ஒரு விசித்திரம் உண்டு. உள்ளே மறைந்திருக்கும் புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருளால் வாசலில் நிற்கும் கிருமியைத் தடுக்க முடியாது. அப்படியானால் அது வீணா? 1996-இல் எலிகளில் செய்த ஆய்வில், வி.பி.6-க்கு எதிரான ஐ.ஜி.ஏ. வகை எதிர்ப்பொருள் சோதனைக்குழாயில் வைரஸைத் தடுக்காவிட்டாலும், எலியைத் தொற்றிலிருந்து காத்தது. குடலின் செல்லைக் கடந்து செல்லும் வழியில், அதற்குள்ளேயே கிருமியை மடக்குகிறது என்று விளக்கம் சொன்னார்கள்.

இன்னொரு புரதத்தையும் சொல்ல வேண்டும். என்.எஸ்.பி.4 என்ற இது முழுவடிவான கிருமியின் உடலில் இல்லாதது. செல்லுக்குள் கிருமி பெருகும்போது மட்டும் உண்டாவது. அதே 1996-இல் இது குடலிலிருந்து நீரை வெளியேறச் செய்யும் நஞ்சு போல் நடந்துகொள்கிறது என்று எலிக்குட்டிகளில் கண்டார்கள். ஒரு பிள்ளையின் இரத்தத்தில் என்.எஸ்.பி.4-க்கு எதிர்ப்பொருள் இருந்தால், கிருமி அதன் உடம்பில் வெறுமனே வந்துபோகவில்லை, உள்ளே பெருகியும் இருக்கிறது என்று பொருள். ஆனால் இது எல்லாப் பிள்ளைகளிடமும் ஒரே அளவில் தோன்றுவதில்லை.

சரி, அளப்பது எப்படி? எலைசா என்ற முறை. நம் வீட்டுப் பணியாரக் கல்லைப் போன்ற ஒரு பிளாஸ்டிக் தட்டு. அதில் 96 சிறு குழிகள். குழிகளின் அடியில் வைரஸையோ அதன் ஒரு புரதத்தையோ ஒட்டவைக்கிறார்கள். பிள்ளையின் இரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தை நீர்த்து அதன்மேல் விடுகிறார்கள். அதில் எதிர்ப்பொருள் இருந்தால் ஒட்டிக்கொள்ளும். இல்லாததைக் கழுவி ஊற்றிவிடலாம். பிறகு, மனித எதிர்ப்பொருளை மட்டும் தேடிப்பிடிக்கும் வேறொரு பொருளை, நிறமுண்டாக்கும் நொதியோடு சேர்த்து விடுகிறார்கள். எதிர்ப்பொருள் எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு நிறம் ஏறும். அந்த நிறத்தைக் கருவி அளக்கிறது. சீரத்தை 800 மடங்கு நீர்த்த பின்னும் நிறம் தெரிந்தால் ஒன்றுக்கு 800 என்று எழுதுவார்கள்.

ஒரே ஒரு அளவு அதிகம் சொல்லாது. நோய்க்கு முன் ஒன்று, பின் ஒன்று என்று இரண்டு வேண்டும். இரண்டாவது முதலாவதைப் போல் நான்கு மடங்காக உயர்ந்திருந்தால், இடைக்காலத்தில் கிருமி வந்தது என்று பொதுவாகக் கொள்வார்கள். ஆகவேதான் நல்ல சுகத்தோடு இருக்கும்போதே இரத்தம் எடுத்து வைப்பது. நோய் வந்தபின் ஓடிவந்து எடுத்தால் "முன்பு" என்பதற்கு எங்கே போவது?

யாருடைய எதிர்ப்பொருள்?

பிறந்த குழந்தையின் இரத்தத்தைச் சோதித்தால் ரோட்டா வைரஸுக்கு எதிர்ப்பொருள் தாராளமாக இருக்கும். பிறந்து ஒரு நாளே ஆன பிள்ளை எங்கே போய் இந்தக் கிருமியைச் சந்தித்தது? சந்திக்கவில்லை. ஐ.ஜி.ஜி. என்ற வகை எதிர்ப்பொருள் நஞ்சுக்கொடி வழியாகத் தாயிடமிருந்து வருகிறது. தாய் பிள்ளையை வழியனுப்பும்போது கட்டிக்கொடுத்த கட்டுச்சோறு அது. சில மாதங்களில் தீர்ந்துபோகும். ஆகையால் ஆறு மாதக் குழந்தையிடம் ஐ.ஜி.ஜி. குறையாமல் பிறந்த நாளின் அளவிலேயே இருந்தால், அனுபவமுள்ளவர்கள் அதையும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். குறைய வேண்டியது குறையாமலிருந்தால் பிள்ளை தானே சமைக்கத் தொடங்கிவிட்டது என்று அர்த்தமாகலாம்.

ஐ.ஜி.ஏ. வகை அப்படியல்ல. அது நஞ்சுக்கொடியைக் கடப்பதில்லை. குழந்தையின் இரத்தத்தில் அது இருந்தால் குழந்தையே உண்டாக்கியது. அதோடு குடலின் உட்பரப்பைக் காவல் காப்பதும் இந்த ஐ.ஜி.ஏ.தான். அப்படியானால் இரத்தத்தை விட்டுவிட்டு மலத்திலேயே அளக்கலாமே என்று கேட்கத் தோன்றும். அளக்கலாம். ஆனால் பால் குடிக்கும் பிள்ளையின் மலத்தில் தாய்ப்பாலின் ஐ.ஜி.ஏ.யும் கலந்து வரும். நாளுக்கு நாள் அளவும் மாறும். எனவே போரோ குடலில் நடக்கிறது, செய்தியோ இரத்தத்தின் வழியாகக் கேட்கப்படுகிறது. கேட்கும் செய்தி உண்மையே; ஆனால் முழுச் செய்தி அல்ல. இந்த ஒன்றை வாசகர்கள் மனதில் வைத்துக்கொண்டால் இனிச் சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

மெக்ஸிகோவும் வேலூரும்

மெக்ஸிகோ நகரத்தில் 200 குழந்தைகளைப் பிறப்பிலிருந்து இரண்டு வயது வரை வாரந்தோறும் வீட்டுக்கே சென்று கவனித்தார்கள். அந்த ஆய்வு 1996-இல் வெளியாயிற்று. மனதுக்கு ஆறுதலான முடிவு. ஒருமுறை தொற்று கண்ட பிள்ளைக்கு அடுத்துப் பேதி வரும் வாய்ப்பு 77 சதவீதம் குறைந்தது. இரண்டு முறை தொற்று கண்ட பிறகு, நடுத்தரமான அல்லது கடுமையான நோய் ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. நோய் தெரியாமல் வந்துபோன தொற்றும் அதே பாதுகாப்பைத் தந்தது. சொட்டு மருந்து நிச்சயம் பலிக்கும் என்ற நம்பிக்கைக்கு இந்த ஆய்வு பெரும் ஊன்றுகோலாயிற்று.

அதே பிள்ளைகளின் இரத்தத்தைக் குறித்து 2000-இல் வெளிவந்த செய்தி இன்னும் நுட்பமானது. ஐ.ஜி.ஏ. அளவு ஒன்றுக்கு 800-க்கு மேல் இருந்த பிள்ளைகளில் நடுத்தரமான, கடுமையான நோய் காணப்படவில்லை. ஐ.ஜி.ஜி. மிக உயர்ந்திருந்த பிள்ளைகளுக்கோ தொற்று குறைந்ததே தவிர, பேதியிலிருந்து தெளிவான பாதுகாப்புக் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் பெயர் எதிர்ப்பொருள்தான்.

நம் நாட்டுப் பிள்ளைகளுக்கும் இதே கணக்கு பொருந்துமா? இதை யாராவது இங்கே செய்து பார்த்தாக வேண்டியிருந்தது. ஐடா ஸ்கடர் அம்மையார் 1900-இல் ஒரே கட்டிலோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனை நம் வாசகர்கள் அறிந்தது. அங்கே பேராசிரியர் ககன்தீப் காங் அவர்களும் உடன் ஊழியர்களும் 2002-இல் இந்த வேலையைக் கையில் எடுத்தார்கள். பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்கள் நிறைந்த நெருக்கமான தெருக்கள். சின்னஅல்லாபுரம், கஸ்பா போன்ற பகுதிகள். பிறந்த 452 குழந்தைகளைச் சேர்த்தார்கள். மூன்று ஆண்டுகள் களப்பணியாளர்கள் வீடு வீடாகச் சென்றார்கள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மலம், பேதி கண்டால் அப்போதும் மலம், ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறிதளவு இரத்தம். குடும்பங்கள் வேலை தேடி இடம்பெயர்வதுண்டு. வேண்டாம் என்று விலகுவதும் உண்டு. அப்படியிருந்தும் 373 பிள்ளைகள் மூன்று ஆண்டையும் நிறைவு செய்தார்கள். நாள் முழுக்க பீடி சுற்றினாலும் கைக்கும் வாய்க்கும் போதாத வீடுகளின் தாய்மார், அழும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கையை நீட்டிக் காட்டினார்கள். ஆய்வறிக்கைகளில் இவர்கள் பெயர் வருவதில்லை. உலகம் இவர்களுக்குக் கடன்பட்டிருக்கிறது என்பது எங்கள் தாழ்மையான கருத்து.

2011-இல் முடிவு வெளியாயிற்று. ஆறு மாதம் நிறையுமுன்னே 56 சதவீதக் குழந்தைகளை இந்தக் கிருமி தொட்டுவிட்டது. கண்டறிந்த தொற்றுகளில் முதல் தொற்று சுமார் 30 சதவீதமே. மற்றவை எல்லாம் திரும்பத் திரும்ப வந்தவை. மூன்று முறை தொற்று கண்ட பிறகும் நடுத்தரமான அல்லது கடுமையான நோயிலிருந்து பாதுகாப்பு 79 சதவீதம்தான். எளிதாகச் சொன்னால், முதல் முறையில் 100 பிள்ளைகள் அப்படி வருந்தக்கூடிய இடத்தில், மூன்று முறைக்குப் பின்னும் 21 பிள்ளைகள் வருந்துவார்கள். மெக்ஸிகோவில் இரண்டே முறையில் கிடைத்ததை நம் பிள்ளைகள் மூன்று முறை போராடியும் முழுதாகப் பெறவில்லை. சூடு கண்ட பூனை அடுப்பங்கரை நாடாது என்பார்கள்; இந்தப் பூனையோ மறுபடி மறுபடி வருகிறது. தொற்று மிக இளமையிலேயே வருவதும், தெருவில் கிருமி ஓயாமல் சுற்றுவதும் காரணமாகலாம். எல்லாக் காரணமும் இன்னும் விளங்கிவிடவில்லை.

பிறந்த சில நாளிலேயே வரும் தொற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். மெல்போர்னில் ரூத் பிஷப் அம்மையார் 1983-இலேயே, மருத்துவமனையில் பிறந்தவுடன் தொற்று கண்ட குழந்தைகள் பின்னாளில் கடுமையான நோய்க்குத் தப்புகிறார்கள் என்று காட்டியிருந்தார். டெல்லியில் மகராஜ் கிஷன் பான் அவர்களும் உடனுழைத்தோரும் 1993-இல் இதே போன்ற முடிவை அங்கே கண்ட ஒரு வகைக் கிருமியைப் பற்றி வெளியிட்டார்கள். வேலூரிலும் பச்சிளங்குழந்தைகளிடம் ஒரு வகை இருந்தது. ஆனால் அது பின்வரும் தொற்றுக்குப் பாதுகாப்புத் தரவில்லை என்று 2007-இல் தெரியவந்தது. டெல்லியை வைத்து வேலூரை ஊகித்திருந்தால் தவறாகியிருக்கும்.

சொட்டு மருந்தும் அதன் அளவும்

டெல்லிக் குழந்தைகளிடம் கிடைத்த, 116இ என்று பெயரிட்ட அந்தக் கிருமியிலிருந்தே ரோட்டாவாக் என்ற இந்தியச் சொட்டு மருந்து உருவாயிற்று. டெல்லி, புனே, வேலூர் மூன்று இடங்களிலும் 6,799 குழந்தைகளைக் கொண்டு சோதித்து 2014-இல் முடிவை வெளியிட்டார்கள். மருந்து பெற்ற 4,532 பேரில் கடுமையான ரோட்டா நோய் 71 முறை வந்தது. மருந்தில்லாத சொட்டுப் பெற்றவர்கள் அதில் பாதிப் பேரே, 2,267. அவர்களுக்கு 76 முறை வந்தது. கணக்கிட்டால் ஏறக்குறைய 54 சதவீதப் பாதுகாப்பு.

"பாதிதானா?" என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. இயற்கையாக வந்த தொற்றே நம் பிள்ளைகளுக்கு எவ்வளவு பாதுகாப்புத் தருகிறது என்று மேலே பார்த்தோம். அந்த அளவுகோல் கையில் இல்லாதிருந்தால், மருந்தைத்தான் மோசம் என்று தள்ளியிருப்பார்கள். அளவுகோல் இருந்ததால், பாதி பாதுகாப்பும் எத்தனை ஆயிரம் பிள்ளைகளின் உயிர் என்று எண்ணிப் பார்க்க முடிந்தது. 2016-இல் நாட்டின் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா சொட்டு மருந்து நான்கு மாநிலங்களில் சேர்க்கப்பட்டது. 2017-இல் தமிழ்நாட்டிலும் வந்தது. 6, 10, 14 வாரங்களில் மூன்று முறை தரப்படுகிறது.

தாய் கொடுத்த ஐ.ஜி.ஜி.யும் தாய்ப்பாலும் சொட்டு மருந்தின் வேலையை மட்டுப்படுத்துமோ என்றும் ஆராய்ந்தார்கள். சொட்டு போடும் வேளையையொட்டிச் சிறிது நேரம் பால் கொடுக்காமல் வைத்துப் பார்த்த ஆய்வுகள் தென் ஆப்பிரிக்காவின் சோவெட்டோவிலும் டெல்லியிலும் நடந்தன. 2014-இல் வெளியான அவற்றில் அப்படி நிறுத்துவதால் பயன் காணப்படவில்லை. ஆகையால் சொட்டு போடும் அன்று பால் கொடுக்கலாமா என்று கேட்கும் மருமகளிடம் தாராளமாகக் கொடு என்று சொல்லுங்கள்.

இரத்தத்தில் இன்ன அளவு ஐ.ஜி.ஏ. இருந்தால் இந்தப் பிள்ளைக்குப் பயமில்லை என்று சொல்லத்தக்க, எல்லா நாட்டுக்கும் பொதுவான ஓர் எண் இதுவரை கிடைக்கவில்லை. கூட்டமாகப் பார்த்தால் அளவு கூடியவர்கள் குறைவாக நோயுறுகிறார்கள். தனியொரு பிள்ளையைக் காட்டி உறுதி கூற முடியாது. அதனால் நல்ல மருத்துவர் யாரும் "ரோட்டாவுக்கு எதிர்ப்பொருள் இருக்கிறதா, சோதித்துப் பாருங்கள்" என்று உங்கள் பேரப்பிள்ளைக்கு எழுதிக் கொடுக்கமாட்டார்.

வீட்டுக்குப் போகும் தாயின் கேள்விக்கு வருவோம். "இனிமேல் வராதில்லையா?" என்றால், "வரலாம் அம்மா, வந்தாலும் முன்போல் கடுமையாக இருப்பது குறைவு" என்பதே இப்போது சொல்லக்கூடிய உண்மை. மூன்று தவணைச் சொட்டு பெற்ற பிள்ளைக்கும் பேதி கண்டால், ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் முழுதாகக் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். பாதிப் பாக்கெட்டைப் பாதித் தம்ளரில் கண் அளவில் கரைப்பது கூடாது. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடி கொடுக்கலாம். தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். மருத்துவர் தரும் துத்தநாக மாத்திரையை, பேதி நின்றாலும் 14 நாளும் கொடுத்து முடிக்க வேண்டும். பிள்ளை சோர்ந்து துவண்டாலோ, எதுவும் குடிக்க மறுத்தாலோ, சிறுநீர் போகாமலிருந்தாலோ, கண் குழி விழுந்தாலோ, மலத்தில் இரத்தம் கண்டாலோ, விடியட்டும் என்று காத்திராமல் அந்த இரவிலேயே தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள்.